குறையும் கதையும்

குழந்தைகளுக்குக் கதை சொல்லாத சமுதாயம் உலகில் இல்லை. அரசன் கதை, அரக்கன் கதை, நரியின் கதை, காக்கையின் கதை என அவை பலவாகும். அக்கதைகளின் ஓரத்தில் கால் முடமான சிறுவன் ஒருவனும், கண் தெரியாத சிறுமி ஒருத்தியும், பிறரோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் பிள்ளை ஒன்றும் நெடுங்காலமாக நின்றுகொண்டிருக்கின்றனர். கதாசிரியர்கள் அவர்களை எவ்வாறு நடத்தினர், எத்தகைய முடிவை அவர்களுக்கு வழங்கினர் என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை வெறும் இலக்கிய ஆராய்ச்சி என்று எண்ணிவிடலாகாது. உடலிலோ அறிவின் போக்கிலோ வேறுபாட்டோடு பிறந்த குழந்தையும் கதை கேட்கிறது, நூல் படிக்கிறது. தன்னைப் போன்ற ஒருவரை அந்நூலில் காணும்போது, அவருக்கு இறுதியில் என்ன நேர்ந்தது என்பதைப் பிற குழந்தைகளைவிட அது கூர்ந்து கவனிக்கிறது. பிறருக்குப் பொழுதுபோக்காக முடியும் கதை, அக்குழந்தைக்குத் தீர்ப்பாக முடிகிறது. ஆகவே அத்தீர்ப்பு எத்தகையது என்று பெற்றோராகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

சமங்கை ஆறு

நம் நாட்டுப் பழங்கதை ஒன்றிலிருந்தே தொடங்குவோம். மகாபாரதத்தின் வனபருவத்தில் அஷ்டாவக்கிரர் வரலாறு கூறப்படுகிறது. கருவிலிருந்தபோதே தந்தை ககோடரின் வேத ஓதுதலில் பிழை கண்டு சொன்னமையால், அத்தந்தையின் சாபத்தாலேயே எட்டுக் கோணலோடு பிறந்தவர் அவர். பன்னிரண்டு வயதுச் சிறுவனாக ஜனகனின் வேள்விச்சாலைக்குச் சென்று, வாயிற்காவலனின் தடையை அறிவினால் கடந்து, வந்தி என்னும் பெரும்புலவனை வாதில் வென்று, முன்பு அதே வாதில் தோற்று நீரில் அமிழ்த்தப்பட்ட தந்தையை மீட்டார். குறையுடைய சிறுவன் ஒருவனைத் தலைமகனாகக் கொண்ட இத்துணைச் சிறந்த கதை உலக இலக்கியத்தில் அரிது எனலாம்.

ஆயின், கதை அவ்விடத்தில் முடியவில்லை. வீடு திரும்பியபின் தந்தை மகனைச் சமங்கை என்னும் ஆற்றில் இறங்குமாறு பணிக்கிறார். நீரில் மூழ்கி எழுந்த அளவிலேயே கோணல்கள் அனைத்தும் நிமிர்ந்துவிடுகின்றன. வாதில் வென்ற அறிவு வளைந்த உடலில் இருந்த அறிவுதான். அவ்வுடலோடு அவர் வாழ்ந்தால் என்ன குறை என்று கதை கேட்கவில்லை. வெற்றிக்குப் பரிசு நிமிர்ந்த மேனி என்றே அது கருதிற்று.

பஞ்சதந்திரத்திலும் இதே போக்கைக் காண்கிறோம். அதன் விரிந்த வடிவத்தில், கண்ணிலாதான் ஒருவனும், கூனன் ஒருவனும், உறுப்பு மிகையோடு பிறந்த அரசகுமாரி ஒருத்தியும் ஒரே வீட்டில் வாழும் கதை உண்டு. பாம்பைச் சமைத்த கலத்தின் ஆவி பட்டுக் கண்ணிலாதான் பார்வை பெறுகிறான். பின்னர் நிகழும் அடிபிடியில் கூனன் நிமிர்கிறான்; அரசகுமாரியின் மிகையுறுப்பும் மறைகிறது. வஞ்சகமும் சினமும் நிறைந்த அக்கதைகூட மூவரையும் திருத்தி முடித்த பின்னரே ஓய்கிறது. குறை நீங்குதலே நல்ல முடிவு என்னும் எண்ணம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மேலைநாட்டுக் கதைகள்

அச்சிட்ட நூல்களாகக் குழந்தை இலக்கியம் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்கு இனிச் செல்வோம். அங்கும் இக்குழந்தைகளுக்குத் திறந்திருந்த வாயில்கள் இரண்டே. ஒன்று, குணமாதல், மற்றொன்று, இறத்தல்.

டென்மார்க் நாட்டு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1838இல் ஒற்றைக்கால் பொம்மை வீரன் ஒருவனின் கதையை வெளியிட்டார். பழைய கரண்டி ஒன்றை உருக்கி இருபத்தைந்து வீரர்களை வார்த்தபோது, கடைசி வீரனுக்கு உலோகம் போதாமையால் ஒரு காலே அமைந்தது. ஒற்றைக்காலில் உறுதியாக நின்ற அவன் இறுதியில் அடுப்பிலிடப்பட்டு உருகிப்போகிறான். அவரே 1843இல் எழுதிய அழகற்ற வாத்துக்குஞ்சின் கதை உலகப் புகழ் பெற்றது. பிறரினின்று வேறுபட்டதனால் கொத்தும் உதையும் பட்ட குஞ்சு, உண்மையில் அன்னம் என்று தெரிந்தபின் மதிப்புப் பெறுகிறது. அது அன்னமாக இல்லாமல், சற்றே வேறான வாத்தாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்குக் கதையில் விடையில்லை.

அதே 1843ஆம் ஆண்டின் டிசம்பர்த் திங்களில் சார்லஸ் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை வெளிவந்தது. ஊன்றுகோலும் இரும்புச் சட்டமும் கொண்டு நடக்கும் சிறுவன் டிம் அதில் வருகிறான். கருமியான முதலாளியின் நெஞ்சை இளக்குவதே கதையில் அவனுக்குரிய தொழில். முதலாளி மனம் திருந்தாவிடில் சிறுவன் இறப்பான், திருந்தினால் பிழைப்பான். அவன் எதனை விரும்பினான், எதற்கு நகைத்தான் என்று நாம் அறிவது மிகக் குறைவு. பிறர் நல்லவராவதற்குக் கருவியாகவே அவன் படைக்கப்பட்டான்.

பின்வந்த மூன்று நூல்கள் பல தலைமுறைச் சிறுமியரால் விரும்பிப் படிக்கப்பட்டவை. அமெரிக்காவில் சூசன் கூலிட்ஜ் என்ற புனைபெயரில் எழுதிய அம்மையாரின் கேட்டி பற்றிய நூல் 1872இல் வெளிவந்தது. சொற்கேளாமல் ஊஞ்சலில் ஏறி விழுந்து படுக்கையில் கிடக்கும் கேட்டி, பொறுமை கற்று, படுக்கையிலிருந்தபடியே குடும்பத்தை நடத்தப் பழகுகிறாள். பண்பட்ட பின்னர் நடக்கிறாள். ஸ்விட்சர்லாந்தின் யோஹன்னா ஸ்பைரி 1880, 1881ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக எழுதிய ஹைடியில், நகரத்துச் செல்வச் சிறுமி கிளாராவின் சக்கர நாற்காலியைப் பொறாமை கொண்ட ஆட்டிடையன் மலைச்சரிவில் தள்ளிவிடுகிறான். நாற்காலி நொறுங்கிய பின், மலைக்காற்றும் ஆட்டுப்பாலும் தந்த வலிமையால் அவள் எழுந்து நடக்கிறாள். பிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் 1911இல் நூலாக வெளியிட்ட இரகசியத் தோட்டத்தின் கதை நம் நாட்டில்தான் தொடங்குகிறது. இந்தியாவில் வாந்திபேதியால் பெற்றோரை இழந்து இங்கிலாந்து செல்லும் மேரி, தனக்குக் கூன் வளர்வதாக அஞ்சிப் படுத்தே கிடக்கும் கோலின் என்னும் சிறுவனைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்கிறாள். அவனும் எழுந்து நடக்கிறான்.

இம்மூன்றும் அழகிய நூல்களே. அன்பும் நகைச்சுவையும் நிறைந்தவை. குழந்தைகள் அவற்றைப் படிக்கலாகாது என்று சொல்வது அறியாமையாகும். எனினும் அவை மறைமுகமாகக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. பண்பு திருந்தினால் கால் திருந்தும். மனம் துணிந்தால் உடல் இணங்கும் என்பதே அப்பாடம். நடக்க இயலும் குழந்தைக்கு அது ஊக்கம் தரும் சொல். என்றும் நடக்க இயலாத குழந்தைக்கோ அது குற்றச்சாட்டு. கிளாரா நடந்தாளெனில் நான் ஏன் நடக்கவில்லை? எனக்கு மனவுறுதி போதவில்லையா? நான் நல்ல பிள்ளை இல்லையா? தந்தையின் சாபமும் முன்வினையும் நம் கதைகளில் செய்த வேலையை, மேலைநாட்டுக் கதைகளில் நற்பண்பும் மலைக்காற்றும் செய்தன.

குணமாகாத பெரியவர்களுக்கு வேறொரு பாத்திரம் காத்திருந்தது. அதுவே கொடியவன் வேடம். ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் புதையல் தீவு 1883இல் நூலாயிற்று. அதில் வரும் ஒற்றைக்கால் சில்வரும், கண்ணிலாத பியூவும் சிறுவர் நெஞ்சை நடுங்க வைத்தவர்கள். 1904இல் மேடையேறிய பீட்டர் பான் நாடகத்தின் கடற்கொள்ளைத் தலைவனுக்குக் கைக்குப் பதில் இரும்புக் கொக்கி. இதில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. சில்வரைப் படைக்க ஸ்டீவன்சனுக்குத் தூண்டுதலாக இருந்தவர், நோயினால் ஒரு காலை இழந்த அவருடைய நண்பரும் கவிஞருமான ஹென்லி. நண்பரிடம் கண்ட வலிமையும் ஆளுமையும் கதையில் கொள்ளைக்காரனிடம் போய்ச் சேர்ந்தன.

ஆற்றை நீந்திய சிறுவன்

இவ்விரு வாயில்களுக்கும் அப்பால் மூன்றாவது வாயில் எப்போது திறந்தது? ஒரே நாளில் அது திறக்கவில்லை. இரண்டு உலகப்போர்கள் கை கால் இழந்த இளைஞர்களை வீடுதோறும் திருப்பி அனுப்பின. இளம்பிள்ளை வாதம் செல்வர் வீட்டையும் வறியவர் வீட்டையும் ஒன்றாகத் தாக்கிற்று. குறையுடையவரைக் கண்காணாத விடுதிகளில் ஒதுக்கிவைக்கும் வழக்கம் மெல்லத் தளர்ந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, அத்துன்பத்தைத் தாமே அறிந்தவர்கள் எழுதுகோலைக் கையிலெடுத்தனர்.

அமெரிக்க எழுத்தாளர் மார்கரெட் டி ஆஞ்ஜெலி 1949இல் எழுதி, 1950இல் நியூபெரி பதக்கம் பெற்ற சுவரில் ஒரு வாயில் என்னும் பொருள்படும் பெயருடைய நூல் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தில், நோயினால் கால் பயனிழந்த ராபின் என்னும் சிறுவனுக்குத் துறவி ஒருவர் மரம் செதுக்கவும் நீந்தவும் கற்பிக்கிறார். அவன் தங்கிய கோட்டை பகைவரால் முற்றுகையிடப்படுகிறது. ராபின் ஊன்றுகோலோடு வெளியேறி, ஆற்றை நீந்திக் கடந்து, உதவி கொணர்ந்து கோட்டையைக் காக்கிறான். அரசன் அவனைச் சிறப்பிக்கும்போதும் அவன் ஊன்றுகோலோடுதான் நிற்கிறான்.

அஷ்டாவக்கிரர் ஆற்றில் மூழ்கினார், நிமிர்ந்து எழுந்தார். ராபினும் ஆற்றில் இறங்கினான். இறங்கிய அதே காலோடு மறுகரை ஏறினான். இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட தொலைவே இவ்விலக்கியத்தின் வரலாறு என்று கூறினும் மிகையாகாது.

ஆஸ்திரேலியாவின் ஆலன் மார்ஷல் ஆறு வயதில் இளம்பிள்ளை வாதத்திற்கு ஆளானவர். ஊன்றுகோலோடு குதிரையேறியும் மலையேறியும் கழித்த தம் இளமையை 1955இல் தன்வரலாறாக எழுதினார். இங்கிலாந்தின் ரோஸ்மேரி சட்கிளிஃப் குழந்தைப் பருவத்திலேயே மூட்டுநோயால் முடங்கி, வாழ்நாளின் பெரும்பகுதியைச் சக்கர நாற்காலியில் கழித்தவர். 1958இல் அவர் வெளியிட்ட நூலின் தலைமகன் டிரெம், வேல் பிடிக்கவேண்டிய கை சூம்பிப்போன வெண்கலக் காலச் சிறுவன். ஓநாயைக் கொன்றால்தான் வீரர் குழுவில் இடம் என்னும் குலவழக்கின் முன் அவன் முதலில் தோற்கிறான்; பின்னர் வெல்கிறான். கை மட்டும் அவ்வாறே இருக்கிறது. இரக்கத்தைக் காட்டிலும் சினத்தையும் வெட்கத்தையும் மானத்தையும் இந்நூல்களில் மிகுதியாகக் காண்கிறோம். அனுபவித்தவர் எழுதினார் என்பதற்கு அதுவே அடையாளம்.

1981ஆம் ஆண்டும் அதன் பின்னும்

ஐக்கிய நாடுகள் அவை 1981ஆம் ஆண்டை உடற்குறையுடையோருக்கான அனைத்துலக ஆண்டாகக் கொண்டாடியது. அவ்வாண்டிலேயே நார்வே நாட்டுத் திறனாய்வாளர் டோர்டிஸ் ஓர்யாசேட்டர், குறையுடைய குழந்தைகளை அன்றாட வாழ்வோடு இணைப்பதில் சிறுவர் நூல்களின் பங்கு பற்றி எழுதிய ஆய்வை யுனெஸ்கோ வெளியிட்டது. அவர் அத்தகைய மகனைப் பெற்ற தாயுமாவார். சிறுவர் நூல்களுக்கான அனைத்துலகக் கழகம் 1985இல் இத்தகைய நூல்களுக்கெனத் தனித் தொகுப்பு ஒன்றை நார்வேயில் நிறுவிற்று. பிரெய்ல் நூல்கள், தொட்டுணரும் படங்கள், சைகைமொழி நூல்கள், இக்குழந்தைகளைப் பற்றிய கதைகள் என உலகெங்கிலுமிருந்து திரட்டிய அத்தொகுப்பு 2014இல் கனடாவின் டொராண்டோ நகருக்கு மாறியது. அக்கழகத்தின் பேரவை 1998இல் புதுதில்லியில் கூடியது என்பது நமக்கு மகிழ்வூட்டும் செய்தியாகும்.

உடலின் குறை கண்ணுக்குத் தெரியும்; உள்ளத்தின் வேறுபாடு தெரிவதில்லை. ஆட்டிசம் என்று இன்று நாம் கூறுவதை லியோ கன்னர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து 1943இல்தான் விவரித்தார். மூளை இயங்கும் முறையில் மனிதரிடையே பன்மை உண்டு. அப்பன்மை முழுவதையும் நோய் என்று ஒதுக்கலாகாது என்னும் கருத்து 1990களின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. அதன் விளைவு சிறுவர் நூல்களிலும் தெரிந்தது. ஆட்டிசம் உடைய எழுத்தாளரான எல் மெக்நிகோல் 2020இல் வெளியிட்ட நாவலில், ஆட்டிசம் உடைய அடி என்னும் சிறுமி, தன் ஸ்காட்லாந்துச் சிற்றூரில் முற்காலத்தில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்ட பெண்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டுமெனப் போராடுகிறாள். வேறுபட்டவர் என்பதனாலேயே அழிக்கப்பட்டோரின் துயரத்தை அவள் உணர்ந்த அளவிற்கு ஊரார் உணரவில்லை. குணப்படுத்தவேண்டியது சிறுமியையா, ஊரையா என்று கதை நம்மைக் கேட்கிறது.

நம் நாட்டில்

இந்தியச் சிறுவர் நூல்கள் இத்துறையில் தாமதமாகவே அடியெடுத்து வைத்தன. ஆயினும் வைத்த அடி உறுதியானது. சென்னையைச் சேர்ந்த தூலிகா பதிப்பகம் ஷீலா தீர் எழுதிய நூலொன்றை 1999இல் வெளியிட்டது. குறையுடைய குழந்தை, தன் கையைப் பிடிக்க ஏன் அஞ்சுகிறாய் என்று நம்மை நேராக நோக்கிக் கேட்பதே அந்நூலின் பெயர். தாரிணி விஸ்வநாத் எழுதிய படநூலில், திப் திப் என்னும் குறும்புக்காரச் சிறுமி காப்பி என்னும் பூனையைத் தேடி மரமேறுகிறாள். அவள் சக்கர நாற்காலியில் செல்பவள். தேடல்தான் கதை, நாற்காலி கதையன்று. சாய் விட்டேகர் எழுதிய கண்ணா பண்ணா கதையில், குகைக்குள் விளக்கு அணைந்து எல்லாரும் திகைத்து நிற்க, பார்வையற்ற சிறுவன் கண்ணா அவர்களை வெளியே நடத்திச் செல்கிறான். இருள் அவனுக்குப் புதிதன்று.

2007இல் வெளிவந்த தாரே ஜமீன் பர் என்னும் இந்தித் திரைப்படத்தை நம்மில் பலர் குடும்பத்தோடு கண்டிருப்போம். எழுத்துகள் கண்முன் ஆடும் சிறுவனின் துன்பத்தை நாடு முழுவதும் உணரச் செய்த பெருமை அதற்குண்டு. ஆனால் அங்கும் அச்சிறுவன் ஓவியப் போட்டியில் முதற்பரிசு பெற்ற பின்னரே உலகம் அவனை ஏற்கிறது. கண்ணாவையும் கோட்டையைக் காத்த ராபினையும் இக்கேள்வி தொடாமல் விடாது. குறைக்கு ஈடாக ஓர் அருஞ்செயலைக் கட்டணமாகச் செலுத்தினால்தான் இடம் உண்டு என்பதும் ஒருவகைச் சமங்கை ஆறே. பரிசு எதுவும் பெறாத, கோட்டை எதனையும் காக்காத, நாற்பது மதிப்பெண் வாங்கும் சாதாரணப் பிள்ளைக்கு எந்தக் கதையில் இடம்? திப் திப்பின் கதை எளியதாயினும் சிறந்தது என்று யான் கருதுவதற்கு இதுவே காரணம்.

சொற்களின் வரலாறும் இதனோடு இணைந்ததே. புறநானூற்றின் இருபத்தெட்டாம் பாட்டில், சோழன் நலங்கிள்ளியிடம் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், குறையுடைய பிறப்புகளை எட்டாக வகுத்து, எச்சம் என்னும் சொல்லால் தொகுத்துரைக்கிறார். கண், செவி, வாய் ஆகியவற்றின் குறையோடு அறிவின் மயக்கமும் அதில் அடங்கும். நம் நாடாளுமன்றத்தின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைகளைக் கூறிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசம், கற்றல் குறைபாடு முதலியவற்றையும் சேர்த்து இருபத்தொரு வகைகளாக விரித்தது. ஊனமுற்றோர் என்ற சொல்லை விடுத்து, மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லைத் தமிழக அரசு 2010ஆம் ஆண்டை ஒட்டி வழக்கிற்குக் கொணர்ந்தது. அரசு அலுவலகங்களிலும் மாற்றம் வந்தது. குறையுடைய பிள்ளையைப் பேணும் மத்திய அரசு ஊழியருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்களிக்கும் குறிப்பாணை 2014இல் வெளியாயிற்று. அப்பிள்ளைக்குரிய கல்விப்படியும் இருமடங்கு. கோப்பு திருந்திவிட்டது, கூடத்துப் பேச்சு திருந்திற்றா என்பதே கேள்வி.

நம் வீட்டுப் புத்தக அடுக்கு

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து தொலைநகரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட பொறுப்பு உண்டு. ஊரில் இருப்பின் பாட்டி, அத்தை, மாமன், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் என்று வேறுபட்ட குழந்தையைச் சூழ ஒரு கூட்டம் இருக்கும். அக்கூட்டம் சில வேளை பட்டப்பெயர் வைத்து நோகடிக்கும். சில வேளை மடியில் தூக்கிவைத்துச் சோறூட்டும். இங்கோ மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. விருந்தினர் வரும்போது அப்பிள்ளை உள்ளறைக்கு அனுப்பப்படுகிறது. சங்க விழாக்களுக்கு அழைத்து வரப்படுவதில்லை. மொழி வேறு, ஊர் வேறு என்று பள்ளியில் பிற பிள்ளைகள் படும் தனிமையையே தாங்கமாட்டாமல் வருந்தும் நாம், இருமடங்கு தனிமையை அப்பிள்ளை தாங்கும் என்று எவ்வாறு எண்ணுகிறோம்?

இத்தகைய வீட்டில் நூல் ஒரு துணை. எந்நூல் என்பதைத் தேர்வது பெற்றோர் கடமை. ஹைடியை வாங்கிக் கொடுப்போம். கூடவே திப் திப்பையும் கொடுப்போம். அஷ்டாவக்கிரர் கதையைத் தமிழில் நம் வாயாலேயே சொல்வோம். சொல்லும்போது சமங்கை ஆற்றுக்கு முன் சற்றே நிறுத்தி, இவர் நிமிராமலே இருந்திருந்தால் ஜனகன் அவையில் பெற்ற வெற்றி குறைந்துபோகுமா என்று பிள்ளைகளைக் கேட்போம். பிள்ளைகளின் விடை பெரியவர்களுடையதைவிடப் பெரும்பாலும் நேர்மையானது. குறையில்லாத பிள்ளைக்கே இக்கேள்வி மிகுதியும் தேவை. நாளை வகுப்பில் பக்கத்து இருக்கையில் அமர்வது யாராயினும், அவரோடு நட்புக் கொள்ளவேண்டியவர் அப்பிள்ளையே அன்றோ?

நம் சங்கங்களின் நூலகங்களில் சிறுவர் பகுதிக்கு ஒதுக்கும் அடுக்கில், இத்தகைய நூல்கள் பத்தேனும் இடம்பெறுதல் வேண்டும். தமிழில் கிடைப்பவை சிலவே. இல்லாதவற்றை மொழிபெயர்க்கவும் புதியன எழுதவும் நம்மிடையே ஆற்றலுடையோர் உளர். பொங்கல் விழாவின் சிறுவர் நிகழ்ச்சியில் மேடைக்குச் சாய்தளம் ஒன்று அமைப்பதும், திருக்குறள் ஒப்புவிக்கத் திக்கும் பிள்ளைக்கு இரண்டு மணித்துளி கூடுதலாக அளிப்பதும் பெருஞ்செலவு பிடிப்பனவல்ல. கதையில் அவர்களுக்கு இடம் கிடைக்கப் பல நூறு ஆண்டுகள் ஆயின. நம் கூடத்தில் இடம் கிடைக்க அடுத்த விழா வரை காத்திருத்தலே போதும்.